பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை: லைட் சிகிச்சையோடு ஜிங்க், கால்சியம் கொடுக்கலாமா? முழுமையான வழிகாட்டி

குழந்தை பிறந்து மூன்றாம் நாள். கண்ணும் முகமும் மஞ்சளாகத் தெரிகிறது, டாக்டர் லைட்டில் வைக்கச் சொல்கிறார். வார்டுக்கு வெளியே நிற்கும் குடும்பத்தில் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: "கூடவே ஜிங்க் சொட்டோ கால்சியம் டானிக்கோ கொடுத்தா சீக்கிரம் இறங்குமா?" சேலம் டவுனிலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் இந்தக் கேள்விக்கு மருந்துக் கடையிலிருந்தே பதில் வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் தவறான பதில்.

நேரடியாகச் சொல்லிவிடலாம். காமாலையை இறக்குவது லைட்டும் தாய்ப்பாலும்தான். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால் கால்சியம் அவசியமான மருந்து. குறையவில்லை என்றால் அதற்கு அங்கே வேலை இல்லை. ஜிங்க் காமாலையை இறக்கும் என்பதற்கு இன்றுவரை உறுதியான ஆதாரம் கிடையாது. ஏன் அப்படி, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

முதலில்: மஞ்சள் எங்கிருந்து வருகிறது

பெரியவர்களின் ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பிறந்த குழந்தையின் சிவப்பணு 80, 90 நாளிலேயே உடைந்துவிடும். உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப் பொருள்தான் பிலிருபின். எடைக்கு எடை பார்த்தால், பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான பிலிருபினைக் குழந்தையின் உடல் தினமும் உண்டாக்குகிறது. அதைக் கரைத்து வெளியேற்ற வேண்டிய கல்லீரல் நொதியோ முதல் சில நாட்களுக்கு மந்தமாகவே இருக்கும்.

கல்லீரல் கஷ்டப்பட்டுப் பித்தத்தில் அனுப்பும் பிலிருபினும் அப்படியே மலத்தில் போய்விடாது. குழந்தையின் குடலில் உள்ள இன்னொரு நொதி அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. மாறியது குடல் சுவர் வழியாகத் திரும்ப ரத்தத்துக்குள் ஏறிவிடும். முதல் நாட்களில் போகும் கருப்புப் பிசின் மலத்தில் பிலிருபின் ஏராளம். அது எவ்வளவு நேரம் குடலில் தங்குகிறதோ அவ்வளவு மஞ்சள் திரும்பும். ஜிங்க், கால்சியம் என்ற யோசனை பிறந்ததே இந்தக் குடல் சுழற்சியைப் பார்த்துத்தான்.

படி 1: லைட் தேவையா என்பதை அளவை வைத்து முடிவு செய்யுங்கள்

கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. மாநிறத்திலும் கருப்பு நிறத்திலும் உள்ள நம் குழந்தைகளிடம் இது இன்னும் கடினம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ விரலால் அழுத்தி எடுத்தால் மஞ்சள் இருக்கிறதா என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. தோலில் வைத்துப் பார்க்கும் கருவியோ ரத்தப் பரிசோதனையோ வேண்டும்.

எண் மட்டும் போதாது, பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதும் வேண்டும். நிறைமாதத்தில் பிறந்து வேறு ஆபத்து எதுவும் இல்லாத குழந்தைக்கு, லைட் தொடங்கும் அளவு ஏறக்குறைய இப்படி இருக்கும்: 24 மணி நேரத்தில் டெசிலிட்டருக்கு 12 மில்லிகிராம், 48-ல் 15, 72-ல் 17 முதல் 18, 96 மணி நேரத்துக்குப் பிறகு 20. குறைமாதம், தாய்க்கும் குழந்தைக்கும் ரத்தப் பிரிவு பொருந்தாமை, ஜி-6-பி-டி நொதிக் குறைவு (சிவப்பணுவைப் பாதுகாக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது), கிருமித் தொற்று ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இதைவிடக் குறைந்த அளவிலேயே லைட் தொடங்குவார்கள். பக்கத்து படுக்கைக் குழந்தைக்கு 16-ல் வைக்கவில்லையே, நம் குழந்தைக்கு 13-ல் ஏன் வைத்தார்கள் என்று குழம்ப வேண்டாம். மணிக்கணக்கும் ஆபத்துக் காரணங்களும் வேறு வேறாக இருக்கும்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் தெரியும் மஞ்சளை ஒருபோதும் "சாதாரண மஞ்சள்" என்று விடக்கூடாது. அது பெரும்பாலும் ரத்தம் வேகமாக உடைவதன் அடையாளம்.

குழந்தைத் துணிகளோடு பீரோவில் அந்துருண்டை போட்டு வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஜி-6-பி-டி குறைவுள்ள குழந்தைக்கு நாஃப்தலீன் அந்துருண்டையின் வாசனையே சிவப்பணுக்களைக் கொத்துக் கொத்தாக உடைக்கப் போதும். பாட்டி பத்திரப்படுத்தி வைத்த பழைய துணியை எடுத்தால், துவைத்து வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே போடுங்கள். அந்துருண்டையைக் குழந்தை இருக்கும் அறையிலிருந்தே எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

படி 2: லைட் சரியாக வேலை செய்கிறதா

நீலப் பச்சை ஒளிதான் மருந்து. 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளம் தோலில் பட்டதும், அங்குள்ள பிலிருபின் தண்ணீரில் கரையக்கூடிய வடிவமாக மாறுகிறது. கல்லீரல் நொதியின் தயவில்லாமலேயே அது பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறும். 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மட்டும் மஞ்சள் வெளுத்திருந்ததை ஜீன் வார்டு என்ற செவிலியர் கவனித்தார். அங்கிருந்துதான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. 1958-ல் அந்த மருத்துவமனையினர் அதை வெளியிட்டார்கள்.

லைட் எரிகிறது என்பதாலேயே சிகிச்சை நடக்கிறது என்று ஆகாது. கவனிக்க வேண்டியவை:

தூரம். எல்.இ.டி. கருவி என்றால் தயாரிப்பாளர் சொல்லும் தூரம், பெரும்பாலும் 30 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். தூக்கி வைத்தால் ஒளியின் வலிமை சரிந்துவிடும். தீவிர சிகிச்சைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட் வேண்டும். அளவுமானி உள்ள வார்டில் நர்ஸிடம் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். பழைய டியூப் வகைக் கருவியில் பல்பு பளிச்சென்று எரிந்தாலும் தேவையான நீல ஒளி தேய்ந்து போயிருக்கும். கண்ணுக்கு அது தெரியாது, அளவுமானிக்குத்தான் தெரியும்.

தோல். கண்ணை மறைக்கும் கட்டும் சிறிய டயப்பரும் தவிர வேறு எதுவும் வேண்டாம். கையுறை, சாக்ஸ், இடுப்பில் சுற்றிய துண்டு எல்லாமே மருந்தை மறைக்கும் திரைகள். எண்ணெய், பவுடர் பூச வேண்டாம். கண் கட்டு நழுவி மூக்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரம். பால் கொடுக்க அரை மணி நேரம் வரை வெளியே எடுக்கலாம். பார்க்க வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிக் கொஞ்சினால் ஒரு நாளில் நான்கைந்து மணி நேரச் சிகிச்சை காணாமல் போகும். "ரெண்டு நாளா லைட்ல இருந்தும் இறங்கலையே" என்ற புகாருக்குப் பின்னால் பல சமயம் இதுதான் இருக்கிறது.

வெப்பம். உடல் சூடு 36.5-லிருந்து 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டில் துணியில்லாமல் படுக்கவைத்த குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும். எல்.இ.டி. விளக்கு சூடு தராது. வார்மரோ அறை ஹீட்டரோ வேண்டும்.

லைட்டில் இருக்கும்போது தோல் கருவி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், ஏனென்றால் தோலில் உள்ள மஞ்சள் முதலில் வெளுத்துவிடும். ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது லைட்டை அணைத்து, குழாயையும் வெளிச்சம் படாமல் மூடி லேபுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் குழாயிலேயே பிலிருபின் சிதைந்து, அளவு பொய்யாகக் குறைந்து வரும்.

படி 3: பால்

ஜிங்க் சொட்டு செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் வேலையைத் தாய்ப்பால் நிஜமாகவே செய்கிறது. லைட்டால் மாறிய பிலிருபினில் ஒரு பகுதி, குடலுக்கு வந்ததும் மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பி ரத்தத்துக்குள் ஏறப் பார்க்கும். குடல் அசைந்து மலம் போய்க்கொண்டே இருந்தால் அதற்கு நேரம் கிடைக்காது.

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால். தூங்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். பிலிருபின் கூடக் கூடக் குழந்தை தூங்கி வழியும், தூங்கினால் குடிக்காது, குடிக்காவிட்டால் இன்னும் கூடும். மார்பில் பிடித்துக் குடிக்கவில்லை என்றால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுங்கள். ஐந்தாம் நாளுக்குள் நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீரும், மூன்று நான்கு தடவை மஞ்சள் மலமும் போனால் பால் போதுமானதாக இருக்கிறது. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பால் போதவில்லை என்று பொருள்.

லைட்டில் இருக்கும்போது மலம் பச்சையாக, கொஞ்சம் தண்ணீராகப் போவது உண்டு. அது பேதி அல்ல, பிலிருபின் வெளியேறும் வழி. அதை நிறுத்த மருந்து கேட்க வேண்டாம்.

சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், சேனை என்று தேன் தொட்டு வைப்பது, வீட்டு வாசலில் விற்கும் கழுதைப்பால், உரை மருந்து, கீழாநெல்லிச் சாறு: இவை எல்லாமே பால் குடிக்கும் வயிற்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பிலிருபினை இறக்காது, ஏனென்றால் பிலிருபின் தண்ணீரில் கரையாதது. தேனிலும் காய்ச்சாத பாலிலும் கிருமி பயமும் உண்டு. தாய்க்குப் பத்தியம் என்று சாப்பாட்டைக் குறைத்தால் பாதிக்கப்படுவது பால் சுரப்புதான்.

படி 4: ஜிங்க், உண்மையில் எவ்வளவு தூரம்

யோசனை நியாயமானதே. ஜிங்க் உப்பு குடலில் பிலிருபினோடு ஒட்டிப் படிந்துவிட்டால், அது ரத்தத்துக்குத் திரும்பாமல் மலத்தோடு போகும். சோதனைக் குழாயிலும் விலங்குகளிலும் இது நடந்தது. குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றில் லைட் தேவைப்பட்ட நேரம் கொஞ்சம் குறைந்தது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. காமாலை வராமல் தடுக்க ஜிங்க் கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றே 2015-ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு முடித்தது.

வீட்டில் ஜிங்க் இருப்பதுதான் சிக்கல். மூத்த பிள்ளைக்குப் பேதி வந்தபோது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டோடு கொடுத்த 20 மில்லிகிராம் கரையும் மாத்திரை மிச்சம் இருக்கும். பேதிக்கே கூட அது 2 மாதம் முடிந்த குழந்தைக்குத்தான், அதுவும் 6 மாதம் வரை அரை மாத்திரை. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு முழு மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் முதலில் வருவது வாந்தி. வாந்தி எடுத்த குழந்தை பாலையும் தள்ளும். அளவு மீறி நாள்கணக்கில் போனால் ஜிங்க் உடலில் செம்புச் சத்து ஏறுவதைத் தடுக்கும்.

டாக்டரே ஜிங்க் எழுதியிருந்தால் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். எதற்காக எழுதினார்? குறைமாதக் குழந்தையின் வளர்ச்சிக்காக என்றால் அது வேறு கணக்கு. இரண்டாவது, சீட்டில் உள்ள மில்லிகிராம் தனிம ஜிங்க்கா (உப்பில் உள்ள ஜிங்க் மட்டும்), உப்பின் மொத்த எடையா? ஜிங்க் சல்ஃபேட் உப்பு 44 மில்லிகிராமில் தனிம ஜிங்க் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். சிரப்பிலும் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம், 20 மில்லிகிராம் என இரண்டு வலிமை கடையில் கிடைக்கும். "அரை மூடி" என்ற அளவு இங்கே ஆபத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்துக் கொடுங்கள்.

படி 5: கால்சியம் எப்போது அவசியமாகிறது

கால்சியத்தின் கதை வேறு. காமாலையை இறக்கக் கொடுப்பது வேறு, லைட்டால் குறைந்த கால்சியத்தை நிரப்பக் கொடுப்பது வேறு.

கால்சியம் பாஸ்பேட் குடலில் பிலிருபினைப் பிடித்துக்கொள்ளும். ஆயுள் முழுக்க லைட்டை நம்பி வாழும் கிரிக்லர்-நஜ்ஜார் என்ற அரிய பிறவி நோயாளிகளிடம் அது ஓரளவு பயன்பட்டது. சில நாளில் முடியும் சாதாரணக் காமாலைக்கு அதை இழுத்து வர வேண்டியதில்லை.

நம் வார்டுகளில் நிஜமாக எதிர்ப்படுவது இரண்டாவது வகை. லைட்டில் இருக்கும் சில குழந்தைகளுக்கு ரத்தக் கால்சியம் இறங்குகிறது, குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகமாக. ஒளி படும்போது மெலடோனின் என்ற ஹார்மோன் குறைந்து, அதன் விளைவாக எலும்பு ரத்தத்திலிருந்து கூடுதலாகக் கால்சியத்தை இழுத்துக்கொள்கிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதனால் லைட்டில் தொப்பி போடலாமா என்று சில சிறிய ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. நீங்களாகப் போட வேண்டாம். தலை, குழந்தை உடலில் பெரிய பரப்பு. அதை மூடினால் அவ்வளவு ஒளியும் வீண்.

நிறைமாதக் குழந்தை, நன்றாகப் பால் குடிக்கிறது, அறிகுறி இல்லை என்றால் கால்சியம் தேவையில்லை. சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள்: குறைமாதக் குழந்தைகள், சர்க்கரை நோய் உள்ள தாயின் குழந்தைகள், பிறக்கும்போது மூச்சுத் திணறியவர்கள், இரண்டு நாளைத் தாண்டியும் லைட்டில் இருப்பவர்கள், ரத்த மாற்று (குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றுவது) செய்யப்பட்டவர்கள். ரத்த மாற்றுக்கு வரும் ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சிட்ரேட் சேர்த்திருப்பார்கள், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நிறைமாதத்தில் மொத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குக் கீழ், குறைமாதத்தில் 7-க்குக் கீழ் என்றால் குறைவு. கை கால் நடுக்கம், சின்னச் சத்தத்துக்கே துள்ளுவது, மூச்சு நின்று நின்று வருவது, வலிப்பு ஆகியவை அறிகுறிகள். நடுங்கும் கையை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் அது நடுக்கம், நிற்காமல் உள்ளேயே துடித்தால் வலிப்பு. எதுவானாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரை குறைந்தாலும் இதே நடுக்கம் வரும் என்பதால் முதலில் சர்க்கரை பார்ப்பார்கள்.

அறிகுறியோடு குறைந்திருந்தால் நரம்பு வழியாகத்தான் கால்சியம். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட், கிலோவுக்கு 2 மில்லி, அதே அளவு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, 10 நிமிடமாக மெல்ல ஏற்றுவார்கள். 3 கிலோ குழந்தைக்கு 6 மில்லி, கலந்த பின் 12 மில்லி. இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும், துடிப்பு சரிந்தால் நிறுத்த வேண்டும். ஊசி நரம்பை விட்டு விலகித் தோலுக்குள் கசிந்தால் அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். பைகார்பனேட் ஓடும் குழாயில் இதைச் சேர்த்தால் சுண்ணாம்பாகத் திரியும். செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கால்சியமும் பிறந்த குழந்தையில் சேரவே கூடாது. அந்த ஆன்டிபயாடிக் பிலிருபினை ரத்தப் புரதத்திலிருந்து தள்ளிவிடும் என்பதால், காமாலைக் குழந்தைக்கு அது தனியாகவும் ஆகாது. இது முழுக்க மருத்துவமனை வேலை. வீட்டில் வாய்வழி டானிக் ஊற்றி ஈடு செய்ய முடியாது.

கால்சியம் ஏற்றியும் ஏறவில்லை என்றால் மக்னீசியம் பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைந்திருந்தால் கால்சியத்தை நிலைநிறுத்தும் ஹார்மோன் சுரக்காது. அதைச் சரி செய்த பிறகே கால்சியம் ஏறும்.

கடையில் நடக்கும் ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினம் 400 யூனிட் விட்டமின் டி சொட்டு எழுதுவார்கள். அது எலும்புக்கு, காமாலைக்கு அல்ல. "டி சொட்டு" என்று வாயால் கேட்டால் கால்சியமும் டி-யும் கலந்த சிரப்பைக் கொடுத்துவிடுவது உண்டு. டி சொட்டிலும் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ளது, 800 யூனிட் உள்ளது என்று இரண்டு உண்டு. சீட்டைக் காட்டி வாங்குங்கள், பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள். இரும்புச் சத்துச் சொட்டை இந்த நாட்களில் யாரும் தொட வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கு அது பின்னால், டாக்டர் சொல்லும் வாரத்தில்.

படி 6: மலையிலிருந்து இறங்குவது

இளவெயிலில் காட்டினால் போதும் என்று மலைக் கிராமங்களில் காத்திருப்பது உயிருக்கே உலை வைக்கும். பனிமூட்டத்தில் வெயில் போதாது. வெயில் இருக்கும் நாளில் துணியில்லாமல் கிடத்தினால் குளிரும், இல்லை தோல் வெந்துபோகும். அளவும் தெரியாது.

பால் குடிக்க மறுப்பது, எழுப்ப முடியாத தூக்கம், கீச்சென்ற அழுகை, உடல் துவண்டுபோவது, முதுகு வில்லாக வளைவது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரத்தைப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு. குழந்தை விழித்துக் குடித்தால், கிளம்பும் முன் பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுத் தட்டுங்கள். துவண்டு கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தாயின் மார்போடு தோல் படச் சேர்த்து, மேலே போர்த்திக் கொண்டு வரலாம். முந்தைய ரிப்போர்ட், தாயின் ரத்தப் பிரிவு எழுதிய சீட்டு, பிறந்த நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் பிரிவு உண்டு. அரசு மருத்துவமனைகளில் குழந்தைக்குச் சிகிச்சையும் வாகனமும் இலவசம்.

படி 7: லைட்டை நிறுத்திய பிறகு

தொடங்கிய வரம்பைவிட 2 முதல் 3 மில்லிகிராம் இறங்கினால் நிறுத்துவார்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பது வழக்கம். குறைமாதமோ ரத்தம் உடையும் காரணமோ இருந்தால் இந்த மறுபரிசோதனையைத் தவறவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆஷா பணியாளரிடமோ எடையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறைமாதத்தில் 14 நாள், குறைமாதத்தில் 21 நாள் தாண்டியும் மஞ்சள் இருந்தால் நேரடிப் பிலிருபின் (கல்லீரல் ஏற்கெனவே கரையும் வடிவமாக மாற்றிய பிலிருபின்) அளவைப் பார்க்க வேண்டும். மலம் வெளுத்து, சுண்ணாம்பு நிறமாகப் போனால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். ஆகவே "தாய்ப்பால் மஞ்சள்தான், தானா போயிடும்" என்ற ஆறுதலை மலத்தின் நிறத்தைப் பார்க்காமல் ஏற்க வேண்டாம்.

பிலிருபின் மிக உயரம் போன குழந்தைக்கும் ரத்த மாற்று செய்த குழந்தைக்கும் காது கேட்கும் சோதனை கட்டாயம். காதுக்குள் ஒலி எழுப்பிப் பார்க்கும் சாதாரணச் சோதனை மட்டும் இங்கே போதாது. பிலிருபின் கெடுப்பது காதின் உள் அணுக்களை அல்ல, கேட்கும் நரம்பையும் மூளையின் பாதையையும். அதனால் அந்தச் சோதனையில் "பாஸ்" என்று வந்தாலும் குழந்தைக்குக் கேட்காமல் போகலாம். தலையில் மின்முனை ஒட்டிப் பார்க்கும் பெரா சோதனையைக் கேட்டு வாங்கி, குழந்தைக்கு 3 மாதம் ஆவதற்குள் முடித்துவிடுங்கள்.